எஞ்சினின் முதல் நிமிஷம்

மோட்டர் வண்டியை நாள்தோறும் ஓட்டுகிறவர்களுக்கு அதன் வேகத்தைப் பற்றியும், அது குடிக்கும் பெற்றோலைப் பற்றியும், அதை விற்றால் கிடைக்கக்கூடிய விலையைப் பற்றியும் ஏதாவதோர் அபிப்பிராயம் இருக்கும். ஆனால் விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமி எழுந்து, பிறகு சிறிது சிறிதாகத் தன் குரலைத் தணித்துக்கொள்கிறதே, அந்த முதல் ஒரு நிமிஷத்தைப் பற்றி நினைத்துப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. 2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த வசந்தகாலம் வரை என் காரைப் பற்றியிருந்த ஒரு கோளாறும், அதைத் தீர்த்துவைத்த ஒரு பெரியவரின் பொறுமையுந்தான், அந்த ஒரு நிமிஷத்துக்குள் எவ்வளவு பெரிய காரியம் நடைபெறுகிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தன.

இரவு முழுவதும் குளிரில் கிடந்த எஞ்சினுக்குள் பாய்ச்சப்படும் பெற்றோல் முழுவதும் ஆவியாவதில்லை. அதில் ஒரு பகுதி குளிர்ந்த உலோகத்தின்மீது திரவமாகவே படிந்துவிடுகிறது. ஆகையால், வழக்கமாக ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்று நிதானமாக அளந்து கொடுக்கும் கணினி, அந்தச் சமயத்தில் மாத்திரம் பெற்றோலைத் தாராளமாக அள்ளி வழங்குகிறது. அப்படி வழங்கியதில் எரியாது மிஞ்சிய ஐதரோகாபன்களும், அரைகுறையாக எரிந்ததால் உண்டான காபனோரொட்சைட்டும் புகைக்குழாய் வழியாக வெளியே புறப்படுகின்றன. அவற்றைத் தடுத்துச் சுத்திசெய்வதற்காகவே புகைக்குழாயின் நடுவில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்ட வினையூக்கிப் பெட்டி ஒன்று இருக்கிறது என்பது உண்மையே. எனினும் அந்தப் பெட்டி ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறினாலன்றித் தன் தொழிலைத் தொடங்காது. சாதாரணமான ஒரு நகரப் பிரயாணத்தில் கார் வெளியிடும் ஐதரோகாபன்களில் பெரும்பகுதி, காவல்காரன் கண்விழிப்பதற்கு முன்னுள்ள அந்த ஓரிரு நிமிஷங்களிலேயே வெளியேறிவிடுகிறது.

இந்த இடைவெளியை அடைப்பதற்கென்று யந்திர சாஸ்திரிகள் கண்டுபிடித்த உபாயம் மிகவும் எளிமையானது. எஞ்சினிலிருந்து சூடாக வெளிவரும் புகையில், அது வெளிவரும் வாசலிலேயே, ஒரு சிறு பம்பின் மூலம் புதிய காற்றைப் பாய்ச்சினால், எரியாமல் வந்த எச்சங்கள் அங்கேயே மறுபடியும் எரிந்து தீர்கின்றன; அவ்வாறு எரிவதால் உண்டாகும் உஷ்ணம் வினையூக்கிப் பெட்டியையும் விரைவில் சூடாக்கி வேலைக்குத் தயாராக்குகிறது. ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ ஓடிவிட்டுப் பம்ப் நின்றுவிடும். அன்றைய பிரயாணத்தில் அதற்குப் பிறகு அதற்கு வேலையில்லை.

இப்படிப்பட்ட ஏற்பாடு ஒன்று மனிதனுக்குத் தேவைப்பட்டதன் சரித்திரம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஆரம்பமாகிறது. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரத்தை ஒரு நாள் மூடிய புகைமண்டலம் ஜனங்களின் கண்களை எரித்து, தொண்டையைக் கரகரக்கச் செய்தபோது, யுத்த காலமாகையால் பகைவர்கள் நச்சுவாயுவை ஏவிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் பீதியடைந்தார்கள். மலைகளால் சூழப்பட்டு, மேலே வெப்பக்காற்று மூடிபோல் கவிந்து நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கிய புகை எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவர், ஒல்லாந்தில் பிறந்து கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் இரசாயன சாஸ்திரி. அன்னாசிப்பழத்தின் வாசனைக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அதே நுட்பமான முறைகளால் நகரத்தின் காற்றையும் ஆராய்ந்து, கார்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளிவிடும் ஐதரோகாபன்கள் நைதரசன் ஒட்சைட்டுகளோடு சூரிய ஒளியில் கூடி ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் ஆரம்பத்தில் நிரூபித்தார். அந்த ஆராய்ச்சியின் பலனாகவே, 1966ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் கலிபோர்னியாவில் விற்பனையான புதிய கார்களுக்குப் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் ஏற்பட்டன. எஞ்சினின் பட்டியால் சுழற்றப்பட்டுப் புகைவாசலில் காற்றை ஊதும் பம்புகள் அக்காலத்திலேதான் முதன்முதலாகத் தெருவுக்கு வந்தன. 1975ஆம் ஆண்டு மாதிரிகளில் வினையூக்கிப் பெட்டி வந்து சேர்ந்தது; காலப்போக்கில் பட்டிப் பம்புகளின் ஸ்தானத்தை, தொடக்கத்தில் மாத்திரம் ஓடி நிற்கும் மின்சாரப் பம்புகள் பிடித்துக்கொண்டன. பழத்தின் மணத்தை ஆராய்ந்த ஒரு மனிதருடைய சிரத்தைக்கு இத்தனை கோடி மக்களின் சுவாசம் கடன்பட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது பெரும் பக்தி உண்டாகிறது.

என் கார் அப்போது பத்து வயதைக் கடந்த ஓர் ஐரோப்பியத் தயாரிப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சின். ரொறன்ரோவின் கெனடி சுரங்க ரயில் நிலையம் வரை சில நிமிஷப் பிரயாணம் செய்து, அங்கே காரை நிறுத்திவிட்டு ரயிலேறி வேலைக்குப் போவதும், மாலையில் அவ்வாறே திரும்புவதும் என் வழக்கமாயிருந்தன. 2013ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு காலையில் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவத்திலுள்ள மஞ்சள் விளக்கு பற்றிக்கொண்டு அணைய மறுத்தது. கார் ஓடுவதில் யாதொரு வித்தியாசமும் இல்லை, இழுவை குறையவில்லை, பெற்றோல் அதிகம் குடிக்கவுமில்லை. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் முன்புறத்தில் கேட்கும் ஊதல் சத்தம் ஒன்று மாத்திரம் அன்று கேட்கவில்லை என்பதைச் சற்று யோசித்தபோதுதான் உணர்ந்தேன்.

ஒன்ராறியோ மாகாணத்தில் அக்காலத்தில் ‘ட்ரைவ் கிளீன்’ என்ற புகைப்பரிசோதனைத் திட்டம் நடைமுறையில் இருந்தது. 1999இல் ரொறன்ரோவையும் ஹமில்ற்றனையும் சுற்றியுள்ள பகுதிகளில் தொடங்கிய அத்திட்டத்தின்படி, குறித்த வயதைத் தாண்டிய கார்களை இரண்டு வருஷத்துக்கொரு முறை பரிசோதித்துச் சித்தி பெற்றாலன்றி, உரிமையாளரின் பிறந்தநாளோடு காலாவதியாகும் இலக்கத்தகட்டு முத்திரையைப் புதுப்பிக்க இயலாமலிருந்தது. முன்பெல்லாம் காரை உருளைகளின்மீது ஏற்றி ஓடவிட்டு, புகைக்குழாயில் உணரியைச் செருகி வாயுக்களை அளப்பார்கள். 2013 ஜனவரி முதல் அந்த முறை மாறி, 1998ஆம் ஆண்டு மாதிரிகள் முதலான கார்களில் காரின் கணினியையே விசாரித்து அறியும் முறை வந்துவிட்டது. மஞ்சள் விளக்கு எரிகிற கார் அந்த விசாரணையில் தவறிவிடும். எனக்குப் பிறந்தநாள் மார்ச்சில்.

வேலைத்தலத்துக்கு அருகிலிருந்த ஒரு கராஜில் காரை விட்டேன். அவர்கள் ஸ்கானரைச் செருகி, ‘பி-0411’ என்ற குறியீட்டை வாசித்து, புகைவாசலில் காற்றை ஊதும் ‘இரண்டாம் காற்று’ப் பம்ப் செத்துவிட்டது என்று சொல்லி, புதியதொன்றைப் பூட்டி, கூலியுடன் 500 டொலருக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். ஊதல் சத்தம் திரும்ப வந்தது, விளக்கும் அணைந்தது. டிசம்பரில் ரொறன்ரோவை இருளில் ஆழ்த்திய பனிமழைப் புயல் வந்து போயிற்று. ஜனவரிக் குளிர் எலும்பைத் துளைத்தது. பெப்ரவரியில் ஒரு காலையில் மறுபடியும் மஞ்சள் விளக்கு, மறுபடியும் மௌனம். அதே கராஜுக்குப் போனபோது, புயலின் நீர் பம்புக்குள் புகுந்திருக்கும், அதற்கு உத்தரவாதம் செல்லாது, இன்னொரு பம்ப் பூட்ட வேண்டும் என்றார்கள். அல்லது, பழுதுக்கு 450 டொலருக்கு மேல் பிடிக்குமென்றால் நிபந்தனையுடன் ஒருமுறை விடுவிக்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொண்டு அடுத்த பரிசோதனை வரை கவலையின்றி ஓடலாம் என்றும் யோசனை சொன்னார்கள். சட்டப்படி அது சரியான யோசனையே. ஆனால் மூன்று மாதத்துக்குள் ஒரு புதிய பம்ப் சாவதற்குக் காரணம் என்னவென்று அவர்களில் ஒருவரும் கேட்காதது எனக்கு மிகுந்த மனக்குறையை உண்டாக்கியது.

ஸ்காபரோவில், புறோகிரஸ் அவென்யூவின் தொழிற்கூடங்கள் நெருங்கி நிற்கும் பகுதியில் சிறியதொரு கராஜ் வைத்திருந்த பெரியவர் ஒருவரை நண்பர்கள் சிபார்சு செய்தார்கள். அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரை அண்ணை என்றே அழைத்தார்கள். நானும் அவ்வாறே அழைக்கலானேன். இளமையில் யாழ்ப்பாணத்தில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பணிமனையில் பஸ் எஞ்சின்களோடு வாழ்ந்தவர். பிறகு சொந்தமாகத் தொழில் செய்தவர். நான் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை, இடையில் குறுக்கிடாமல், கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, பம்ப் செத்துப்போச்சு எண்டது உண்மை. அதைச் சாகடிச்சது என்ன எண்டு அவையள் பார்க்கேல்லை” என்றார். “நீர் ஒண்டு செய்யும். காரை இண்டைக்கு இஞ்சை விட்டிட்டுப் போம். விடியக் குளிர்ந்த எஞ்சினோடை பார்ப்பம். சூடான எஞ்சினிட்டை இந்த வருத்தத்தைக் கேட்டால் அது ஒண்டும் சொல்லாது.”

வெளியே நிறுத்தாமல் கராஜுக்குள்ளேயே காரை வைத்துக்கொண்டதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. இந்த வகைக் கார்களில் எஞ்சினின் குளிர்நீர் மிகக் கடுமையாகக் குளிர்ந்திருந்தால், பம்புக்குள் நீர் உறைந்திருக்கக்கூடும் என்று அஞ்சிக் கணினி அதை இயக்குவதில்லை. நன்றாகச் சூடேறிய எஞ்சினிலும் இயக்குவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட மிதமான குளிர் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையில் தெருவில் நின்ற காரைச் சோதித்தால், நலமாயிருக்கும் பம்பும் மௌனமாகவே இருக்கும்; அதைக் கண்டு அது செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு.

மறுநாள் விடியலில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆயத்தமாயிருந்தார். எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். பம்பின் ரிலே ‘டிக்’கென்று ஒலித்ததைக் காதுகொடுத்துக் கேட்டார். கணினி கட்டளையிடுகிறது, ரிலே கீழ்ப்படிகிறது, பம்ப் மாத்திரம் எழும்பவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பற்றரிக்குப் பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்து, திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்த 50 அம்பியர் பியூஸைக் காட்டினார். நடுவில் உருகி அறுந்திருந்தது. புதிய பியூஸைப் போட்டுப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றிய கேள்வியை நான் கேட்கு முன்னரே அவர் பதில் சொல்லிவிட்டார். அறுந்த பியூஸ் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிக்காமல் அடுத்த பியூஸைப் போட்டால் அதுவும் அறும் என்பது அவருடைய முறை. பம்பின் மின்னிணைப்பைக் கழற்றி, பாதுகாப்புக்கு ஒரு பியூஸ் கோத்த கம்பியால் பற்றரியிலிருந்து நேரடியாகப் பம்புக்கு மின்சாரம் கொடுத்தார். மோட்டர் ஒருமுறை முனகிற்று, சுழலவில்லை, கம்பியில் கோத்திருந்த பியூஸும் உடனே அறுந்தது. மோட்டரின் அச்சு இறுகிப்போயிருந்தது என்பது இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று.

முந்திய கராஜ் இந்த இடத்தில் நின்றுவிட்டது. அண்ணைக்கோ இதுதான் தொடக்கம். பம்பைத் தாங்கியிருந்த றப்பர்ப் பிடிகளிலிருந்து அதைக் கழற்றிச் சரித்தார். அழுக்கேறிய தண்ணீர் அவருடைய கைவழியே ஒழுகிற்று. இரவெல்லாம் கராஜின் கதகதப்பில் கிடந்ததால் உள்ளே உறைந்திருந்தது உருகியிருந்தது. அந்த நீரோடு செங்கல் நிறத்தில் துருத்தூளும் வந்தது. காற்றை உறிஞ்சும் பக்கத்துக் குழாயை விரல் விட்டுத் தடவிப் பார்த்தார், உலர்ந்து சுத்தமாயிருந்தது. காற்றை வெளியே அனுப்பும் பக்கத்து நெளிகுழாயின் உட்புறத்தைத் தடவியபோது அவருடைய விரல் கரிக்கறுப்பாய் வந்தது. அந்த விரலை அவர் விளக்கின்கீழ் பிடித்துக் காட்டினார். புயலின் நீர் புகுந்திருந்தால் அது உறிஞ்சும் வழியாகவே வந்திருக்க வேண்டும், அங்கே ஈரமில்லை. சுத்தமான காற்று மாத்திரம் போகவேண்டிய பாதையிலே புகைக்கரி படிந்திருக்கிறது. ஆகவே புகை எதிர்த்திசையில் வந்திருக்கிறது. வேறு விளக்கம் எதுவும் பொருந்தாது.

பம்புக்கும் எஞ்சினின் புகைவாசலுக்கும் நடுவில் ஒரு வால்வு இருக்கிறது. பம்ப் ஓடும்போது மாத்திரம், எஞ்சினின் உறிஞ்சுவிசையால் இழுக்கப்பட்டு அது திறந்து காற்றை உள்ளே விடும். மற்றைய வேளைகளில் இறுக மூடிக்கொண்டு, புகை பின்னோக்கி வராமல் காக்கும். அண்ணை நெளிகுழாயை வால்விலிருந்து பிரித்துவிட்டு, பம்ப் இல்லாமலே எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். கணினி வால்வைத் திறந்து வைக்கும் நேரம் கழியட்டும் என்று சற்றுக் காத்திருந்து, வால்வின் வாயருகே என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சுவிடும் தாளத்தில், சூடான ஈரமான புகை என் கையில் குத்திக்குத்தி அடித்தது. எஞ்சினை நிறுத்தி, வால்வைக் கழற்றி, துடைத்து, புகைப்பக்கத்தில் ஒரு துண்டு றப்பர்க் குழாயைப் பொருத்தி வாயால் ஊதினார்; மூடியிருக்க வேண்டிய வால்வின் மறுபுறத்தில் காற்று தாராளமாக வந்தது. வால்வின் இருக்கை கரிபிடித்துத் தேய்ந்திருந்தது. வால்வை இயக்கும் மெல்லிய குழாய்களையும் அதன் மின்வால்வையும் கைப்பம்பால் இழுத்துப் பார்த்ததில் அவை நல்ல நிலையில் இருந்தன.

ஒரு லிட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பாடசாலை இரசாயனத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விஷயந்தான். ஆனால் அந்த நீரைக் கண்ணால் பார்க்கும் வரை நாம் அதை நம்புவதில்லை. சூடான புகையில் ஆவியாக மறைந்து போகும் அந்த நீர், பழுதான வால்வு வழியாகப் பின்னோக்கி வந்து, குளிர்ந்த பம்பின் வயிற்றில் துளிதுளியாய்ப் படிந்தது. நெடுந்தூரம் ஓடுகிற காராயிருந்தால் எஞ்சினறையின் உஷ்ணத்தில் அதில் ஒரு பகுதியேனும் உலர்ந்து போயிருக்கும். கெனடி நிலையம் வரை போய் நிற்கும் என் காரில் ஒவ்வொரு நாளும் சேர்ந்ததேயன்றி உலரவில்லை. அந்த நீரில் அச்சு துருப்பிடித்தது, இறுகிய மோட்டர் மின்சாரத்தை மிதமிஞ்சி இழுத்தது, பியூஸ் அறுந்தது. முதல் பம்பும் இதே வால்வினால்தான் செத்தது. இரண்டாவதும் அவ்வாறே செத்தது. மூன்றாவதை வாங்கிப் பூட்டியிருந்தால் அதுவும் அடுத்த குளிர்காலத்தைக் கண்டிராது. ஸ்கானர் சொன்ன குறியீடு பொய்யன்று. காற்று போதியபடி போகவில்லை என்று மாத்திரமே அது சொல்லிற்று; பம்பை மாற்று என்று அது எங்கும் சொல்லவில்லை.

இவ்வளவு தெளிவாக இந்தக் குளிர்-எஞ்சின் விவகாரத்தை எங்கே கற்றீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் நான் எதிர்பாராதது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களை அங்குள்ளவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் என்பது அக்காலத்தை அறிந்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையால் அருமருந்தாகச் சேமித்து வைத்த பெற்றோலில் சில துளிகளைச் சிறு போத்தலிலிருந்து விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு போதாமல் மாற்றிவிட்டால் வெண்புகை ஒழுங்கை முழுவதும் நிறைந்து, வேலிக்கப்பால் இருக்கிறவர்களையும் இருமச் செய்யும். எத்தனை துளி, எவ்வளவு நேரம், எந்தச் சத்தத்தில் எஞ்சின் சூடேறிவிட்டது என்று அறிவது என்பதையெல்லாம் அந்த வருஷங்கள் அண்ணைக்குக் கற்பித்திருந்தன. “குளிர்ந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும் தம்பி, எரிக்கத் தெரியாது. அங்கை அதுக்கு நாங்கள் பெற்றோல் பருக்கினம். இஞ்சை காத்துப் பருக்கிறம்” என்றார். தடையும் தட்டுப்பாடும் மனிதரைப் படுத்திய பாட்டை நான் ஒருபோதும் நன்மையாகப் பேசமாட்டேன். ஆனால் அந்தத் துன்பத்தின் நடுவே சிரத்தையோடு கற்ற ஒருவருடைய அறிவு, ஸ்காபரோவில் ஓர் ஐரோப்பியக் காரின் வருத்தத்தை அரை நாளில் கண்டறிந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றிக்கேடாகும்.

பழுது பார்த்தல் கண்டறிதலைவிட இலகுவாக முடிந்தது. வால்வு புதிது, பம்பும் புதிது, கரிபிடித்த நெளிகுழாயில் வெடிப்பு இருந்ததால் அதையும் மாற்றினார். இறுகிய மோட்டருக்கு மிதமிஞ்சிய மின்சாரத்தைக் கடத்தி முனைகள் கருகியிருந்த ரிலேயையும், இன்னும் ‘டிக்’கென்று ஒலித்தாலும் நம்பத்தக்கதன்று என்று மாற்றிவிட்டார். வால்வு பொருந்தும் வாசலில் அடைந்திருந்த கரியை மெல்லச் சுரண்டி, தூள் எஞ்சினுக்குள் விழாதபடி உறிஞ்சியெடுத்தார். எல்லாம் முடிந்து, எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, ஸ்கானரின் திரையைப் பார்த்துக்கொண்டு கிளப்பினார். பம்ப் ஊதியது, புகைக்குழாயிலிருக்கும் ஒட்சிசன் உணரி விழித்துக்கொண்டதும், அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ற் அளவில் தாழ்ந்து நின்றது. புகையில் ஒட்சிசன் மிகுந்திருக்கிறது, காற்று போய்ச் சேருகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பம்ப் நின்றதும் அழுத்தம் மேலேறிக் கீழிறங்கித் தன் வழக்கமான ஆட்டத்தைத் தொடங்கிற்று.

அக்காலத்தில் குறியீட்டை அழித்தவுடன் பரிசோதனைக்கு ஓடிவிட முடியாது. அழித்ததும் கணினி தன் பழைய சோதனை முடிவுகளையெல்லாம் மறந்துவிடுகிறது. பல சோதனைகள் பூர்த்தியாகாத நிலையில் போனால் பரிசோதனைச்சாலை காரைத் திருப்பி அனுப்பிவிடும். விளக்கை அணைத்துவிட்டு அது மறுபடி பற்றிக்கொள்ளுமுன் சித்திபெற நினைக்கிறவர்களைத் தடுப்பதற்கான அந்த விதி நியாயமானதென்றே நான் எண்ணுகிறேன். அண்ணை சொன்னபடி, இரவில் ஆறவிட்டு விடியலில் கிளப்பி, 401 நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் ஓட்டி, தெருக்களில் நின்று நின்று போய், சில நாள்கள் இவ்வாறு செய்ததன்பின் ஸ்கானர் எல்லாச் சோதனைகளும் பூர்த்தி என்று காட்டிற்று. பரிசோதனை சில நிமிஷங்களில் முடிந்தது; கட்டணம் 35 டொலர். பிறந்தநாளுக்கு முன்பே இலக்கத்தகட்டில் புதிய முத்திரையை ஒட்டினேன். அண்ணையின் பற்றுச்சீட்டு நான் பயந்திருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதியுடன் ஒன்ராறியோ அரசாங்கம் சாதாரணக் கார்களுக்கான அந்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டது. புதிய கார்கள் மிகவும் சுத்தமானவை, பரிசோதனையில் தவறுகிறவை சொற்பமே என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அதற்குப் பிறகு, வால்வு பழுதானவர்களில் சிலர் பம்பையும் வால்வையும் முற்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, வாசலை ஓர் இரும்புத் தகட்டால் மூடி, விளக்கு எரியாதபடி கணினிக்கும் வேறு பாடம் புகட்டிவிடுகிறார்கள். பரிசோதனை போய்விட்டாலும், காரிலுள்ள புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதை மாகாணச் சட்டம் இன்றும் அனுமதிப்பதில்லை. சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்தச் செய்கை எனக்குச் சற்றும் சம்மதமில்லை. ஹாகன்-ஸ்மிட் காலத்திலிருந்து இத்தனை பேர் இத்தனை பிரயாசைப்பட்டு அந்த ஒரு நிமிஷத்தைச் சுத்தமாக்கியிருக்க, ஒரு வால்வின் விலைக்காக அதை மறுபடியும் அழுக்காக்குவது அநியாயம்.

நான் எண்ணெய் மாற்றுவதற்காக அண்ணையின் கராஜில் காத்திருந்த ஒரு நாள், இளைஞர் ஒருவர் பம்பைக் கழற்றித் தரவேண்டும் என்ற கோரிக்கையோடு வந்தார். பம்ப் ஒரு நிமிஷந்தானே ஓடுகிறது, அதைக் கழற்றினால் என்ன குடிமுழுகிவிடும் என்பது அவருடைய வாதம். அண்ணை கோபிக்கவில்லை. “ஒரு நிமிஷந்தான் தம்பி. அந்த ஒரு நிமிஷம் கார் எங்கை நிக்குது? உம்மடை வீட்டு வாசலிலை. பிள்ளையளை ஏத்திப் பெல்ற் போடுற நேரம்” என்றார். பிறகு, தாம் கழற்றித் தர இயலாது என்றும், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் நல்ல பம்ப் ஒன்று மலிவாகத் தேடலாம் என்றும், வால்வை மாத்திரம் கட்டாயம் புதிதாக வாங்க வேண்டும் என்றும், இரண்டுக்கும் கூலியோடு எவ்வளவு ஆகும் என்றும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். இளைஞர் அந்தத் தொகையை இருமுறை பார்த்தார். சனிக்கிழமை காரைக் கொண்டுவந்து விட்டால் போதுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இரவே விடவேண்டும், விடியக் குளிர்ந்த எஞ்சினோடு பார்க்க வேண்டும் என்றார் அண்ணை.